உன் தாத்தா திவாலாகத் தகுதி பெற்ற விதம்

அன்புள்ள மகனுக்கு,

உனக்குக் காது குத்தி இன்றைக்கு மூன்றாம் நாள். தேங்காய் எண்ணெய் தடவக் கிட்டே வந்தால் கடிக்கிறாய். உனக்கு ஐந்து வயது. இதை இப்போது படித்துக் காட்டினால் ஓடிவிடுவாய் என்பதால், மடித்து பீரோவில் வைத்து, உனக்குக் கல்யாணப் பேச்சு எடுக்கும் நாளில் கொடுப்பதாக இருக்கிறேன். அப்போதே எழுதிக்கொள்ளலாமே என்று உன் அம்மா கேட்டாள். எனக்கு இப்போது முப்பத்து மூன்று. அப்போது ஐம்பதைத் தாண்டியிருப்பேன். ஐம்பதைத் தாண்டிய அப்பாக்கள் பிள்ளைகளுக்கு எழுதும் கடிதங்களைப் பார்த்திருக்கிறேன். வாழ்க்கை ஒரு பயணம் என்று ஆரம்பித்து மூன்றாம் பக்கத்தில்தான் விஷயத்துக்கு வருவார்கள். அந்தப் பக்குவம் எனக்கு வருவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று பார்க்கிறேன். என் வேலை லாட்ஜுகளில் லிப்ட் போடுவதும் பழுது பார்ப்பதும். நடுமாடியில் மாட்டிக்கொண்டு போன் செய்கிறவனுக்கு வேதாந்தம் உதவாது, எந்தப் பட்டனை அழுத்த வேண்டும் என்று சொன்னால் போதும்.

விஷயம் இது. நீ பெரியவனானதும் இந்தத் திருவண்ணாமலையில் யாராவது ஒருத்தர் உன் தோளில் கை போட்டு, "மஞ்ச நோட்டீஸ் குடுத்தாரே, அவரு பேரனா நீ" என்று கேட்பார். ஆமாம் என்று சொல்லிவிட்டு டீயைக் குடி. உன் அம்மாவின் அப்பா, தன்னால் கடனை அடைக்க முடியாது, தன்னைத் திவாலானவன் என்று அறிவித்துவிடுங்கள் என்று கோர்ட்டில் மனுப் போட்டு அதை வாங்கியும் விட்டவர். மனு என்றால் யார் வேண்டுமானாலும் போய் நீட்டிவிட முடியாது. அதற்குத் தகுதி வேண்டும். அந்தத் தகுதியை அவர் எப்படிப் பெற்றார், பெறுவதற்குள் எங்கள் உயிரை எப்படி வாங்கினார், அதில் உனக்கு என்ன பங்கு என்று சொல்வதற்குத்தான் இந்தக் கடிதம்.

உன் தாத்தா செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குக் கொஞ்சம் தள்ளி, ஒரு மாடிக் கட்டடத்தை லீசுக்கு எடுத்து வெளிநாட்டுக்காரர்களுக்கு ரூம் விட்டுக்கொண்டிருந்தார். ரூம் விடுவதோடு நின்றிருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலையே இல்லை. யாரோ ஒரு வெள்ளைக்காரர், இந்த ஊரில் எல்லாம் இருக்கிறது, நல்ல ரொட்டி மட்டும்தான் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனாராம். அவர் போய்விட்டார், அந்தச் சொல் போகவில்லை. பைனான்ஸ்காரர் ஒருவரிடம் புரோநோட்டு எழுதிக் கொடுத்துக் கடன் வாங்கி, கீழ்த்தளத்தில் செங்கல்லாலேயே ஒரு ரொட்டி அடுப்பு கட்டினார். ஆளே படுத்துத் தூங்கலாம், அவ்வளவு பெரிய அடுப்பு. அதில் சுட்ட ரொட்டி கல் மாதிரி இருந்தது. அப்படித்தான் இருக்க வேண்டும் என்று வெளிநாட்டுக்காரர்கள் சொன்னார்கள், சொல்லிவிட்டு எதிரில் போய் இட்லி சாப்பிட்டார்கள். மிச்சமான ரொட்டி எங்கள் வீட்டுக்கு வந்தது. உனக்குப் பல் முளைத்ததே அந்த ரொட்டியைக் கடித்துத்தான். வாடகை கேட்கவும் அவருக்கு வாய் வராது. தியானத்தில் இருக்கிறவரிடம் எப்படிக் கேட்பது என்பார். அந்த ஆள் தியானத்திலேயே மாதக்கணக்கில் இருந்துவிட்டு, தியானத்திலேயே காலி செய்துகொண்டு போய்விடுவார்.

வட்டி நின்றது, பைனான்ஸ்காரர் கேஸ் போட்டார், பணத்தைக் கட்டு என்று டிக்ரியும் வாங்கினார். பணம் வராததால் அடுத்த கட்டமாக, இவரைக் கைது செய்து சிவில் ஜெயிலில் வைக்க வேண்டும் என்று மனுப் போட்டார். கோர்ட்டில் இருந்து அமீனா வந்து நோட்டீஸை ஒட்டிவிட்டுப் போன அன்றைக்கு உன் தாத்தா ஒரு முடிவுக்கு வந்தார். பெங்களூரில் வேலை பார்க்கும் உன் மாமன் ரூமுக்குப் போய்விடுவது, கொஞ்ச காலம் இந்தப் பக்கமே வராமல் இருப்பது. பையைக் கட்டி, எங்கள் வீட்டில் தான் படுக்கும் கட்டிலுக்கு அடியில் தள்ளியும் வைத்துவிட்டார். உன் அம்மா பெருக்கும்போது அதைப் பார்த்துவிட்டாள். எங்கள் வீட்டில் எல்லாப் பெரிய செய்தியும் துடைப்பத்தில்தான் அகப்படும்.

உன் அம்மாவுக்குப் பணம் போனதைப் பற்றிக் கவலை இல்லை. "எங்கப்பா இந்த ஊரை விட்டு ஓடிட்டாருன்னு ஒருத்தன் சொல்லக்கூடாது. எம் புள்ளைக்குக் காது குத்தறப்ப அவரு வாசல்ல நின்னு நாலு பேரை வாங்கன்னு கூப்புடணும். அவ்ளோதான் எனக்கு. நீங்கதான் இன்ஜினியராச்சே, எதாவது பண்ணுங்க." இன்ஜினியர் என்றால் இவர்கள் வீட்டில் மிக்சியில் இருந்து மோட்சம் வரைக்கும் எல்லாம் சரி செய்வான் என்று நினைப்பு.

பையைக் கட்டினாரே தவிர உடனே கிளம்பவில்லை. அதற்குப் பதிலாக ஊருக்குள்ளேயே ஒளிந்துகொண்டார். எங்கே ஒளிந்தார் தெரியுமா, கிரிவலப் பாதையில். காலையில் எழுந்தால் மலையைச் சுற்றக் கிளம்பிவிடுவார், மத்தியானம்தான் வீடு. வீட்டில் தேடினால் இருக்க மாட்டார், கடையில் தேடினால் இருக்க மாட்டார், பத்திரமாம். இந்த ஊரிலும் வெளியூரிலும் இருக்கிற அத்தனை பேரும் நடந்து போகிற ஒரே இடம் அதுதான் என்பது அவருக்குத் தோன்றவில்லை. பௌர்ணமி அன்று பைனான்ஸ்காரரே பக்கத்தில் வந்து சேர்ந்தார். இரண்டு பேரும் வெறுங்காலோடு, நெற்றியில் விபூதியோடு, பேசிக்கொண்டே பாதி தூரம் சேர்ந்து நடந்திருக்கிறார்கள். முட்டி வலியைப் பற்றிப் பேசினார்களாம், கடனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையாம். மலையைச் சுத்தும்போது கடன் கேட்கக்கூடாது என்று அவரும் நினைத்திருக்கிறார், இவரும் நினைத்திருக்கிறார். "நல்ல மனுஷன்ங்க" என்று வீட்டுக்கு வந்து சொன்னார். மறுநாள் கைது மனுவுக்கு வாய்தா தேதி வந்தது.

அதற்குப் பிறகுதான் நான் சட்டத்தைத் திறந்தேன். லிப்டில் ஒரு அமைப்பு உண்டு. ஆள் அதிகமாக ஏறினால் மணி அடிக்கும், கதவு மூடாது. யாராவது இறங்கினால்தான் வண்டி நகரும். அடிக்கிற மணியைக் கேட்காத மாதிரி எல்லோரும் கூரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். திவால் சட்டம் அந்த மணிதான். அவமானம் மணி அடிப்பதில் இல்லை, கூரையைப் பார்ப்பதில் இருக்கிறது. இதை நான் உன் தாத்தாவிடம் சொன்னேன். லிப்டுக்கும் அடுப்புக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டார்.

முதலில் புதுச் சட்டத்தைப் படித்தேன். அதில் ஏழைக் கடனாளிக்கு ஒரு சுலபமான வழி இருந்தது. வருஷ வருமானம் அறுபதாயிரத்தைத் தாண்டக்கூடாது, சொத்து இருபதாயிரத்தைத் தாண்டக்கூடாது, சொந்த வீடு இருக்கக்கூடாது, கடன் முப்பத்தைந்தாயிரத்தைத் தாண்டக்கூடாது. முப்பத்தைந்தாயிரம் ரூபாய்க் கடனுக்கு ஒருத்தனுக்குச் சட்டம் எதற்கு, மனசுள்ள மச்சான் ஒருத்தன் போதாதா? ஆனாலும் விடாமல் ஒவ்வொரு வரியாகப் பொருத்திப் பார்த்து, கடைசி வரியில் தாத்தா தோற்றுப்போனார் என்று கண்டுபிடித்தேன். அதையும் கண்டுபிடித்த பிறகுதான், அந்தப் பகுதி சாதாரண ஜனங்களுக்கு இன்னும் அமலுக்கே வரவில்லை என்பது தெரிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. மகனே, எந்தச் சட்டத்தைப் படித்தாலும் அது ஓடுகிறதா என்று முதலில் பார். கரண்ட் இருக்கிறதா என்று பார்க்காமல் மோட்டாரைக் கழற்றக்கூடாது என்று என் கீழே வேலை செய்கிறவர்களுக்குத் தினமும் சொல்கிறவன் நான்.

அப்புறம் பழைய சட்டம். நூறு வருஷத்துக்கும் முந்தியது, வெள்ளைக்காரன் போட்டது, இந்த ஊர் மாதிரி இடங்களில் இன்றைக்கும் அதுதான் ஓடுகிறது. அது கேட்பது கொஞ்சம்தான். கடனை அடைக்க முடியாத நிலை இருக்க வேண்டும். அதோடு மூன்றில் ஒன்று இருந்தால் போதும்: கடன் ஐந்நூறு ரூபாய் இருக்க வேண்டும், அல்லது கடனுக்காகக் கைதாகியிருக்க வேண்டும், அல்லது சொத்து ஜப்தியில் இருக்க வேண்டும். ஐந்நூறா, ஐந்நூறு ஆயிரமா என்று இரண்டு தரம் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். ஐந்நூறுதான். அந்தக் காலத்தில் அது பெரிய தொகை, அதற்கப்புறம் யாரும் அதைத் தொடவில்லை. சமையலறையைப் பார்த்து, உங்கப்பாவுக்குத் தகுதி இருக்கு என்று கத்தினேன். உன் அம்மா தோசைத் திருப்பியோடு வந்து நின்றாள். "ரெயில்வே பரீட்சை, பேங்க் பரீட்சை, ஒண்ணுத்துலயும் அவரு தேறுனதில்ல. எதுலனாச்சும் தேறினாரே" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள், பிறகு அழுதாள், பிறகு தோசை தீய்ந்துவிட்டது என்று என்னைத் திட்டினாள்.

வேங்கிக்காலில் ஒரு வக்கீலம்மாவிடம் தாத்தாவை அழைத்துக்கொண்டு போனேன். என்னை விட நாலைந்து வயது மூத்தவர், என்னை விடப் பொறுமை கம்மி. போனதும் முதல் கேள்வி, இந்த ரெண்டு வருஷத்துல எந்தச் சொத்தையாவது சொந்தக்காரங்க பேருக்கு மாத்தினீங்களா என்பது. மாற்றியிருந்தால் கோர்ட் அதைச் செல்லாது என்று சொல்லிவிடுமாம். மாற்ற ஒன்றும் இல்லை என்றோம். இரண்டாவது கேள்வி, சமீபத்தில் ஒரு கடன்காரருக்கு மட்டும் தனியாகக் கொடுத்தீர்களா. தாத்தா பெருமையோடு, பால்காரருக்கு நேற்றுத்தான் பூராவும் தீர்த்தேன் என்றார். வக்கீலம்மா கண்ணை மூடிக்கொண்டார். திவாலாகப் போகிறவன், பிடித்த கடன்காரனுக்குக் கொடுத்துவிட்டுப் பிடிக்காதவனை நிறுத்தக்கூடாது, எல்லோரும் ஒரே வரிசை என்றார். "அவரு காலைல நாலு மணிக்கு எழுந்து வர்றவரும்மா" என்றார் தாத்தா. சட்டத்தில் பால்காரருக்குத் தனி நேரம் இல்லை என்றார் அவர்.

மூன்றாவது கேள்வியில்தான் எல்லாம் கவிழ்ந்தது. யார் யாருக்குத் தர வேண்டும், ஒருத்தர் விடாமல் சொல்லுங்கள், விட்டால் பொய்ச் சத்தியம் ஆகிவிடும் என்றார். தாத்தா நிமிர்ந்து உட்கார்ந்தார். பைனான்ஸ்காரர், கட்டட உரிமையாளர், கேஸ் கம்பெனி, மாவு மில். ஜூனியர் பெண் கம்ப்யூட்டரில் அடித்துக்கொண்டே வந்தாள். கேபிள்காரர் ஐந்நூற்றொன்று. லாரி ஷெட் வைத்திருப்பவர் ஆயிரத்தொன்று. போளூர் ரோட்டு டெய்லர் இருநூற்றொன்று. கூட்டுறவுச் சங்கத்து ரிட்டயர்டு கிளார்க் ஐந்நூற்றொன்று, அவர் சம்சாரம் தனியாக ஒரு குத்துவிளக்கு. நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. அந்தப் பெண் மூன்றாவது பக்கத்துக்கு வந்தபோது வக்கீலம்மா கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஐயா, இவங்க கிட்டல்லாம் எப்ப கைமாத்து வாங்கினீங்க?"

"கைமாத்து இல்லம்மா. எம் பொண்ணு கல்யாணத்துல வச்ச மொய்."

வக்கீலம்மா என்னைப் பார்த்தார். என்னை ஏன் பார்க்க வேண்டும், நான் அந்தக் கல்யாணத்தில் மாப்பிள்ளை மட்டும்தான். மொய் கடன் ஆகாது, அது அன்பளிப்பு, எந்தக் கோர்ட்டிலும் அதைக் கேட்டு வழக்குப் போட முடியாது என்று அவர் நிதானமாக எடுத்துச் சொன்னார். தாத்தா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"அது சரிதாம்மா. ஆனா அதை வச்சவன் சொல்லலாம், வாங்கினவன் சொல்லக்கூடாது."

லிஸ்டில் போட்டால் என்ன ஆகும் தெரியுமா என்று அவர் கேட்டார். ஒவ்வொரு கடன்காரருக்கும் கோர்ட்டில் இருந்து நோட்டீஸ் போகும். நானூறு வீட்டுக்குக் குறையாமல் தபால்காரர் ஏறி இறங்க வேண்டும். கேபிள்காரர் கவரைப் பிரித்து, ஒரு திவாலான ஆளுக்குத் தான் ஐந்நூற்றொரு ரூபாய்க் கடன் கொடுத்தவர் என்று படிப்பார். அதோடு கோர்ட் கடனைத் தள்ளிவிட்டால் மொய்யும் தள்ளுபடி. அந்த வார்த்தையைக் கேட்டதும் தாத்தா நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு எழுந்தார். மொய்யைத் தள்ளுபடி செய்ய இந்த ஊரில் எந்த ஜட்ஜும் பிறக்கவில்லை என்றார். அப்படியானால் லிஸ்டில் போடாதீர்கள் என்றார் வக்கீலம்மா. போடாமல், 'இவ்வளவுதான் என் கடன்' என்று சத்தியம் செய்து எப்படிக் கையெழுத்துப் போடுவேன், ஜன்னலைத் திறந்தால் மலை தெரிகிறது என்றார். உண்மையிலேயே தெரிந்தது. வக்கீலம்மா எழுந்து ஜன்னலைச் சாத்தினார்.

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். எனக்கு அது வராது. கணக்கு என்றால் இரண்டு பக்கமும் சரியாக இருக்க வேண்டாமா? வாங்கிய மொய் கடன் என்றால், வைத்த மொய் சொத்து. உன் தாத்தா முப்பது வருஷமாக ஊரெல்லாம் மொய் வைத்தவர். அதையும் சொத்துப் பட்டியலில் காட்ட வேண்டும் என்று சொல்லி, போனில் கால்குலேட்டரைத் திறந்தேன். தாத்தாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. யார் வீட்டு எந்த விசேஷத்துக்கு எவ்வளவு என்று அவர் மனசில் இருந்து எடுத்துக் கொடுக்க, நான் கூட்டிக்கொண்டே போனேன். அவர் நடத்தியது உன் அம்மா கல்யாணம் ஒன்றுதான். உன் மாமன் கல்யாணம் இன்னும் நடக்கவில்லை, அந்தக் கணக்கில் வர வேண்டியது அப்படியே நிற்கிறது. கூட்டி முடித்தபோது அடுப்புக் கடன், லீசு பாக்கி, மாவு மில் எல்லாம் போக, ஊர்தான் அவருக்குத் தர வேண்டியிருந்தது.

"ஊரு எனக்குத் தர்றது ஜாஸ்தி, நான் ஊருக்குத் தர்றது கம்மி. அப்ப நான் திவாலே இல்லியே மாப்ள" என்றார்.

சட்டப்படி அது சரிதான். அடைக்க முடியாதவன் என்பதுதான் முதல் தகுதி. மொய்யைச் சேர்த்தால் உன் தாத்தாவுக்கு அந்தத் தகுதி இல்லை. நான் கஷ்டப்பட்டுக் கண்டுபிடித்த தகுதியை நானே கால்குலேட்டரால் அழித்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். வக்கீலம்மா எங்கள் இரண்டு பேரையும் வெளியே போகச் சொன்னார். போகும்போது, "என் பீஸ் மொய் இல்ல, இன்னிக்கே வெச்சுட்டுப் போங்க" என்றார்.

அடுத்த வாரம் கைது விசாரணை. தாத்தா கையெழுத்துப் போட மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். கட்டிலுக்கு அடியில் இருந்த பை வாசலுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. உன் அம்மா அதைத் தூக்கிக்கொண்டு போய் உள்ளே வைப்பாள், அவர் மறுபடி கொண்டுவந்து வைப்பார். இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை, பை மட்டும் போய் வந்துகொண்டிருந்தது. பெங்களூர் பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்த அன்று சாயங்காலம் அவர் உன்னை மடியில் உட்கார வைத்துக்கொண்டு, நீ கேட்காத கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். தாத்தா ஊருக்குப் போயிட்டு வந்துடுவேன், சீக்கிரம் வந்துடுவேன் என்று. நீ அவர் சட்டைப் பையில் இருந்து அந்த டிக்கெட்டை எடுத்து வாயில் போட்டு மென்றாய். நியாயமாகப் பார்த்தால் இந்த விவகாரத்தில் உருப்படியாக முதலில் ஒரு காரியம் செய்தவன் நீதான்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. நடந்தது அவ்வளவுதான். பின்னால் யாராவது உங்கப்பா தியாகம் செய்தார் என்று சொன்னால் நம்பாதே.

"மாமா, அந்த மொய் மொத்தமும் இனிமே என்னுது. நீங்க யாருக்கும் எதுவும் திருப்ப வேணாம், நான் திருப்பறேன். இப்ப உங்களுக்கு இருக்கறது கோர்ட் கடன் மட்டும்தான். கையெழுத்துப் போடுங்க."

இந்த ஊரில் நான் விசேஷங்களுக்குப் போகிற லட்சணம் அவருக்குத் தெரியும். பைக்கை ஆப் செய்யாமலேயே கவரைக் கொடுத்துவிட்டு வருகிறவன் நான்.

"எல்லா வூட்டுக்கும் போவீங்களா?"

"போறேன்."

"போயி ஒக்காந்து சாப்புடுவீங்களா?"

உன் அம்மா சமையலறைக் கதவில் சாய்ந்து நின்றுகொண்டு என்னையே பார்த்தாள்.

"சாப்புடாம வந்தா மொய் திரும்புன கணக்கு ஆவாதுங்க மாப்ள. மூஞ்சில அடிச்ச மாதிரி ஆயிடும்."

"சாப்புடறேன் மாமா."

"பீடா போட்டுக்கினு, பத்து நிமிஷம் பேசிட்டு?"

"அஞ்சு நிமிஷம்."

அவர் பையை எடுத்துக்கொண்டு போய்க் கட்டிலுக்கு அடியில் வைத்தார். மறுநாள் வக்கீலம்மாவிடம் போய், என் மொய்ச் சொத்தையும் மொய்க் கடனையும் மாப்பிள்ளை பேருக்கு மாற்றிவிட்டேன் என்று நல்ல பிள்ளையாகச் சொன்னார். சொந்தக்காரர் பேருக்குச் சொத்து மாற்றக்கூடாது என்று அவர் முதல் நாளே சொன்னது இவருக்கு நினைவில்லை. வக்கீலம்மா, சட்டத்துக்கு மொய் என்று ஒன்று இருப்பதே தெரியாது, தெரியாததை யார் யாருக்கு மாற்றினாலும் எனக்குக் காது கேட்கவில்லை, இங்கே கையெழுத்துப் போடுங்கள் என்றார். தாத்தா ஜன்னலைத் திறக்கச் சொல்லி, மலையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, எல்லாப் பக்கத்திலும் போட்டார்.

மனு ஏறியதும் கைதுப் பேச்சு நின்றது. சில மாதங்கள் வாய்தா வாய்தாவாக நகர்ந்து, கடைசியில் அவரைத் திவாலானவர் என்று கோர்ட் அறிவித்தது. கோர்ட் நியமித்த அதிகாரி வந்து இருக்கிற சாமானை எழுதிக்கொண்டு போனார். கட்டில், பாத்திரம், உடுத்துகிற துணி, இதையெல்லாம் சட்டம் தொடுவதில்லை. அடுப்பை ஏலம் விட்டார்கள். சுவரை இடிக்காமல் அதை வெளியே எடுக்க முடியாது என்பதால் யாரும் கேட்கவில்லை. கட்டட உரிமையாளரே அதை வைத்துக்கொண்டு இப்போது வாடகைக்கு வந்த ஒருவருக்கு பீட்சா கடை வைத்துக் கொடுத்திருக்கிறார். நல்ல வியாபாரம். அங்கே சம்பளத்துக்கு ரொட்டி மாவு பிசைவது உன் தாத்தா.

ஒரே ஒரு தொந்தரவு. கோர்ட் விடுவிக்கிற வரைக்கும், ஐம்பது ரூபாயோ அதற்கு மேலோ யாரிடமாவது கடன் வாங்கினால், தான் திவாலானவன் என்பதைச் சொல்லித்தான் வாங்க வேண்டும், சொல்லாமல் வாங்கினால் ஜெயில் என்று வக்கீலம்மா அவரிடம் சொல்லிவிட்டார். சொல்லியிருக்கக்கூடாது. டீக்கடைக்குப் போனதும், "ஒரு டீ போடுப்பா, கணக்குல எழுதிக்க, நான் திவால்" என்று ஆரம்பித்துவிட்டார். டீ அவ்வளவு வராது, சொல்ல வேண்டியதில்லை என்று கடைக்காரர் சொன்னால், சேர்ந்தால் ஐம்பதைத் தாண்டுமே என்று இவர் சொல்வார். சலூனில் சொன்னார், செருப்புக் கடையில் சொன்னார். ஒளிந்து நடந்த மனுஷன், இப்போது கிரிவலத்தில் பக்கத்தில் வருகிறவருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு நடக்கிறார். ஊரில் அவரைப் பற்றிப் பின்னால் பேச யாருக்கும் எதுவும் மிஞ்சவில்லை. எல்லாவற்றையும் அவரே முன்னால் பேசிவிட்டார்.

அப்புறம் உன் காது குத்து. வேங்கிக்காலில் ஒரு சின்ன மண்டபம் பிடித்தோம். உன் மாமன் மடியில் உட்கார வைத்து மொட்டை அடித்தோம், அவன் கையில் நீ கடித்த தழும்பு இன்னும் இருக்கும், கேட்டுப் பார். உன் அம்மா நினைத்த மாதிரியே தாத்தா பட்டு வேட்டியோடு வாசலில் நின்று எல்லோரையும் வாங்க வாங்க என்றார். அதோடு நிற்கவில்லை. ஒவ்வொருத்தரையும் கையைப் பிடித்து மொய் எழுதும் மேஜை வரைக்கும் கூட்டிவந்து, என் கணக்கெல்லாம் இனிமேல் மாப்பிள்ளை கணக்கு, உங்கள் வீட்டு விசேஷத்துக்கு அவர்தான் வருவார், உட்கார்ந்து சாப்பிடுவார், நானே கேட்டு வாங்கியிருக்கிறேன் என்று அறிவித்துக்கொண்டே இருந்தார். கெஜட்டில் போட்டிருந்தால்கூட இவ்வளவு பேருக்குப் போய்ச் சேர்ந்திருக்காது. கேபிள்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, எங்க வீட்ல மூணு பொண்ணுங்க என்றார். உன் அம்மா அன்றைக்கு முழுக்க வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். உன் பக்கம் திரும்பியதே நீ அலறியபோதுதான்.

பந்தி முடிகிற நேரத்தில் பைனான்ஸ்காரர் வந்தார். தாத்தா ஒரு நொடி தயங்கிவிட்டு, வாங்க என்று அவர் கையையும் பிடித்தார், முட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டார். அவர் நேராக மேஜைக்கு வந்து ஆயிரத்தொன்று எழுதச் சொன்னார். நான் எழுந்து நின்றேன்.

"இது பையனுக்கு. ஒங்க மாமனார் கணக்கு கோர்ட்ல கெடக்குது, அது வேற" என்றார். பிறகு சட்டைப் பையில் இருந்து ஒரு பத்திரிகையை எடுத்து என் கையில் வைத்தார். "தை மாசம் எம் பொண்ணுக்குக் கல்யாணம். வந்துடுங்க. சாப்புட்டுத்தான் போவணும், அவரு சொல்லியிருக்காரு."

ஆக, மகனே, இன்றைய நிலவரம் இது. உன் தாத்தாவுக்கு ஒரு வீட்டு மொய்யும் பாக்கி இல்லை, நிம்மதியாக மாவு பிசைகிறார். நானூறு வீட்டுப் பழைய கணக்கும், உன் காது குத்தில் வந்த புதுக் கணக்கும் என் பேரில் இருக்கின்றன. போன மாதம் மட்டும் ஏழு பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டேன், பேண்ட் இடுப்பில் ஏறவில்லை. எனக்கு அப்புறம் இது உன்னிடம் வரும். நீ கல்யாணம் செய்துகொண்டால் ஊர் நமக்குத் தர வேண்டியது வரும், கணக்கு ஓரளவு நேராகும். வாங்கியதற்கு நீ போய் உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருக்கும், அது தனி.

உன்னை நான் வற்புறுத்த மாட்டேன். கல்யாணம் செய்துகொள்வதும் செய்துகொள்ளாததும் உன் இஷ்டம், இதை உன் அம்மாவிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். ஆனால் வேண்டாம் என்று முடிவு செய்தால் கொஞ்சம் முன்கூட்டியே சொல். கடன் ஐந்நூறைத் தாண்டிவிட்டது, குடியிருப்பதும் இதே ஊர், நீயும் கைவிட்டால் அடைக்க வழியே இல்லை. சட்டப்படி எனக்கு எல்லாத் தகுதியும் இருக்கிறது. வக்கீலம்மாவைப் பார்த்து மனுவைத் தயார் செய்ய வேண்டும், ஜன்னலை அவர் சாத்துவதற்குள்.

உன் அப்பா